இரண்டரை ஏக்கர் சேறு: வடிப்பதா, விட்டுவைப்பதா?

தாத்தா வாங்கி அப்பா விட்டுப்போன ஒன்பது ஏக்கரில் இரண்டரை ஏக்கர் வருடம் பூராவும் ஈரம். எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தாய். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். சந்தைக்கு வருகிற பழைய தோட்டத்து ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆற்றுப் பக்கமாகச் சரிகிற நிலம் இங்கே பெரும்பாலும் இப்படித்தான். மேட்டில் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, ஒழுங்காக நிற்கும். கீழே இறங்க இறங்க மரம் சாயும். எங்கள் கடைசி நான்கு வரிசையும், கல்யாணப் பந்தி முடிந்து திண்ணையில் சாய்ந்த பெரியவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு கம்பை ஊன்றினால் இடுப்பளவு உள்ளே போகிறது. கறுப்பு மண். மலாயில் கம்புட் என்பார்கள், நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

மரங்களுக்கு வயது இருபத்தாறு. மறுநடவுக்கு நேரம் வந்துவிட்டது, அதனால் வீட்டில் பேச்சும் வந்துவிட்டது. அண்ணன் சொல்வது: எக்ஸ்கவேட்டரை வரவழைத்து ஆழமாகக் கான் (வடிகால்) வெட்டுவோம், தண்ணீரை ஆற்றுக்கு வடித்துவிட்டு ஒன்பது ஏக்கரையும் ஒரே மூச்சில் நடுவோம். கூலிமில் இருக்கிற அக்கா சொல்வது: விற்றுவிடலாம். அக்கா மகள் அமெரிக்காவில், மினசோட்டாவில் படிக்கிறாள். தீபாவளிக்குப் போனில் பேசும்போது அவள்தான் கேட்டாள்: “மாமா, இங்கே சதுப்பை வடிக்காம விட்டா அரசாங்கம் காசு கொடுக்குது. நம்ம ஊர்ல அப்படி ஒண்ணும் இல்லையா?”

முப்பது வருடம் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவனுக்குக் கணக்கைப் பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. இரண்டு மாதம் படித்தேன், நில அலுவலகத்துக்கு இரண்டு தடவை அலைந்தேன், நாடாவைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தேன். அண்ணனிடம் காட்டப் போட்ட கணக்குதான் இது. இதே மாதிரி பள்ளத்தில் நிலம் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கிறவர்கள் நம்மில் பலர் இருப்பதால் விரித்து எழுதுகிறேன்.

அண்ணன் வழி

மேட்டில் ஏக்கருக்கு வருடம் ஏழு டன் குலை விழுகிறது. பள்ளத்தில் இரண்டரை டன்னைத் தாண்டியதில்லை, அதுவும் வெள்ளம் வராத வருடத்தில். ஆறு ஏறினால் வெட்ட ஆள் இறங்க மாட்டான். பழுத்து உதிர்ந்த பழம் சிவப்புச் சிவப்பாகத் தண்ணீரில் மிதக்கும், அதைப் பார்த்துக்கொண்டு மேட்டில் நிற்க வேண்டியதுதான். டன்னுக்கு 800 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் ஏக்கருக்கு 2,000 வெள்ளி. வெட்டுக்கூலி, லாரி, உரம், புல் மருந்து போகக் கையில் நிற்பது 750. இரண்டரை ஏக்கருக்கு 1,875 வெள்ளி. மூன்று குடும்பத்துக்குப் பிரித்தால் மாதம் ஆளுக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி. இதற்காகத்தான் மூன்று மாதமாக அண்ணனும் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை.

நன்றாக வடித்தால் பள்ளமும் ஏழு டன் தராதா என்பது அண்ணன் வாதம். தரலாம், கொஞ்ச காலத்துக்கு. கம்புட் என்பது மண்ணே இல்லை. மக்காத இலையும் வேரும் மரக்கட்டையும் தண்ணீருக்குள் கிடந்து சேர்ந்த குவியல். தண்ணீர் மூடியிருக்கும்வரை அப்படியே இருக்கும். தண்ணீரை எடுத்தால் காற்றுப் பட்டு மக்க ஆரம்பிக்கும், நிலம் இறங்கும். புதிதாக வடித்த கம்புட் முதல் ஐந்து வருடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்குவதும், அதன்பின் வருடத்துக்கு 5 சென்டிமீட்டர் அளவில் இறங்கிக்கொண்டே இருப்பதும் இங்கேயும் சுமத்ராவிலும் அளந்து பார்த்த விஷயம். இதை நம்பப் புத்தகம் வேண்டாம். எங்கள் கடைசி வரிசைக்கு வந்தால் போதும். அப்பா நட்டபோது மண்ணுக்குள் இருந்த அடிவேர் இப்போது முழங்கால் உயரத்துக்கு வெளியே நிற்கிறது, கொசுவலைக்குள் கை விடுவது மாதிரி வேருக்கடியில் கையை விடலாம். மரம் மேலே வரவில்லை, நிலம்தான் கீழே போயிருக்கிறது. அப்பா வெட்டியது ஆழமில்லாத கான். அண்ணன் கேட்கிற ஆழத்துக்கு வெட்டினால் அடுத்த இருபத்தைந்து வருடத்தில் நிலம் ஆற்றுமட்டத்துக்கு இறங்கிவிடும். அதற்கப்புறம் தண்ணீர் தானாக வடியாது, பம்பு வைத்து இறைக்க வேண்டும். பம்புச் செலவை அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்களாம்.

இன்னொன்று தீ. காய்ந்த கம்புட் உள்ளுக்குள் புகைந்துகொண்டே போகும். மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் எரியும். ராஜா மூசா வனக் காப்பகம் எரிந்த நாட்களில் துணி காயப்போட முடியாமல் இருந்தது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் காட்டுக்குள் முன்பு யாரோ வெட்டிய கான்களை 2008 முதல் வனத்துறை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி மரம் நடுகிறது. பக்கத்திலேயே அரசாங்கம் அடைக்கிற கானை நாம் காசு கொடுத்து வெட்டப்போகிறோம்.

சந்தைப் பக்கமும் இறுகி வருகிறது. மலேசியச் செம்பனைச் சான்றிதழ், அதாவது எம்எஸ்பிஓ, 2020 ஜனவரியில் இருந்து கட்டாயம். வெளிநாட்டு வாங்குபவர்கள் கேட்கிற உலக அளவிலான செம்பனைச் சான்றிதழ், அதாவது ஆர்எஸ்பிஓ, விதிப்படி 2018 நவம்பர் 15க்குப் பிறகு கம்புட்டில் புது நடவே கூடாது. பழைய நடவைப் புதுப்பிப்பதென்றாலும் இன்னும் எத்தனை வருடத்துக்கு அந்த நிலம் தானாக வடியும் என்று முதலில் கணித்துக் காட்ட வேண்டும். எங்கள் பள்ளம் பழைய நடவுதான், தடை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு எங்கள் பள்ளம் என்ன பதில் சொல்லும் என்பதை வேரே சொல்லிவிட்டது.

மினசோட்டா வழி

அமெரிக்காவில் ஒரே திட்டம் இல்லை, மூன்று நான்கு அடுக்கு இருக்கிறது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிந்தால்தான் நமக்கு எது பொருந்தும் என்று பார்க்க முடியும்.

அக்கா மகள் இருக்கிற பக்கம் முழுக்கப் பனிக்காலம் தோண்டிவிட்டுப் போன சின்னச் சின்னக் குட்டைகள். வாத்துகள் குஞ்சு பொரிக்கிற இடம். ஒரு காலத்தில் அந்தக் குட்டைகளை வடிக்க அரசாங்கமே மானியம் கொடுத்தது. பிறகு புத்தி வந்து 1970ல் தண்ணீர் வங்கிச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். குட்டையை வடிக்காமல், கொளுத்தாமல் விட்டுவைக்கும் விவசாயிக்குப் பத்து வருட ஒப்பந்தம், வருடா வருடம் பணம். 1985 விவசாயச் சட்டத்தில் வந்த பெரிய திட்டம் நிலத்தைச் சும்மா போடுவதற்கு வாடகை தருகிறது, பத்தில் இருந்து பதினைந்து வருடம். இவை இரண்டும் வாடகை ரகம்.

1990 சட்டம் கொண்டுவந்தது வேறு ரகம். அங்கே அரசு வாங்குவது உழுகிற உரிமையை மட்டும். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், விற்கலாம், மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம், வேலி போட்டு அந்நியரை வெளியே நிறுத்தலாம், வரியும் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆனால் வடிக்கவோ உழவோ கூடாது என்பது பத்திரத்தில் ஏறிவிடும், நிலத்தை வாங்குகிறவனையும் அது கட்டும். நிரந்தரமாக எழுதிக்கொடுத்தால் அந்த உரிமையின் முழு மதிப்பும் கிடைக்கும், குட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவில் முக்காலில் இருந்து முழுசு வரை அரசு ஏற்கும். முப்பது வருடத்துக்கு எழுதினால் இரண்டுமே பாதியில் இருந்து முக்கால் வரை. 2014ல் திட்டத்தின் பெயரை மாற்றி வேறு ஒன்றோடு சேர்த்தார்கள், உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. கடைசி நேரத்தில் நிலத்தை வாங்கிப் போட்டுக் காசு பார்க்கிறவர்களைத் தடுக்க, இரண்டு வருடமாவது நிலம் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. நம் ஊர் ஆட்களைப் பார்த்து எழுதினார்களோ என்னவோ.

எங்கள் பள்ளத்தை இந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். வெறும் உதாரணக் கணக்கு. நடும் உரிமைக்கு ஏக்கருக்கு 30,000 வெள்ளி மதிப்பு என்று வைப்போம். நிரந்தரம் என்றால் இரண்டரை ஏக்கருக்கு 75,000. முப்பது வருடம் என்றால் 37,500ல் இருந்து 56,250 வரை. வாடகை என்றால், இப்போது கையில் நிற்கிற 1,875 வெள்ளியையே வருடா வருடம் கொடுத்தாலும் பதினைந்து வருடத்துக்கு 28,125. முப்பது வருடத் தொகையின் மேல்வரம்பை முப்பதால் வகுத்தால் அதே 1,875தான் வருகிறது, ஆனால் பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். வெள்ளம், விலை, ஆள் பிடிக்கும் தலைவலி எதுவும் இல்லை.

நிரந்தரத்தை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். சதுப்புக்கு அதுதான் நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று பேர் பெயரில் இருக்கிற நிலம், எங்களுக்குக் கீழே ஏழு பிள்ளைகள். பிறக்காத பேரனுக்கும் சேர்த்து நான் கையெழுத்துப் போடத் தயாரில்லை.

பத்து வருட வாடகைதான் சுலபம் என்று முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் செம்பனைக்காரனுக்கு அது அர்த்தமே இல்லாத ஒப்பந்தம். மினசோட்டாவில் மக்காச்சோளம் வருடப் பயிர். ஒப்பந்தம் முடிந்த மறு வருடமே உழுது விதைக்கலாம், விதைக்கவும் செய்தார்கள். 2007ல் வாடகைத் திட்டத்தில் 3 கோடி 60 லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்தது. சோள விலை ஏறியதும் ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஏரைப் பூட்டிவிட்டார்கள். 2015க்குள் அது 2 கோடி 40 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. பல வருடமாகக் காசு கொடுத்துக் காப்பாற்றியதில் மூன்றில் ஒரு பங்கு எட்டே வருடத்தில் போயிற்று. செம்பனை அப்படி இல்லை. ஒரு தடவை நட்டால் இருபத்தைந்து வருடம் கதை முடிந்தது. நடுவில் யாரும் வந்து வாடகை தருகிறேன் என்றால் காய்க்கிற மரத்தை யார் வெட்டுவார்கள்? வடிப்பதா விடுவதா என்று ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசுவதே மறுநடவு வருகிற அந்த ஒரு வருடத்தில்தான். பணம் அந்த வருடத்தில் வந்தால் உண்டு, தவறினால் அடுத்த வாய்ப்பு என் மகன் கிழவனாகும்போது. ஆகவே நம் ஊருக்கு ஒரு திட்டம் போட்டால் அது ஒரு மரத்தின் ஆயுள் அளவுக்கு நீளமாக, மறுநடவு விண்ணப்பத்தோடு சேர்ந்தே வர வேண்டும். மூன்றில் முப்பது வருடம்தான் என் ஓட்டு.

அமெரிக்கக்காரர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிடப் பிடித்தது. அதே 1985 சட்டத்தில், இனிமேல் சதுப்பை வடித்துப் பயிர் வைக்கிறவனுக்கு மற்ற விவசாய மானியமும் கிடைக்காது என்று எழுதிவிட்டார்கள். ஒரு கையால் விட்டுவைக்கக் காசு, மறு கையால் வடித்தால் வெட்டு. இங்கே இருப்பதைப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

தண்ணீர் குடிக்கிறவர் கொடுப்பது

அரசாங்கப் பணம் என்றால் எங்கிருந்து என்பது அடுத்த கேள்வி. கோஸ்டாரிகா 1996ல் வனச் சட்டம் போட்டு, 1997 முதல் காட்டை வெட்டாமல் வைக்கும் நிலச் சொந்தக்காரர்களுக்குப் பணம் கொடுக்கிறது. அதில் பெரும்பகுதி எரிபொருள் வரியில் இருந்து எடுத்தது. காரில் போகிறவன் காட்டுக்குக் கொடுக்கிறான். நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. பல நூறு கோடி டாலர் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதா, தண்ணீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பக்கத்து ஊர்களுக்கும் விவசாயிகளுக்கும் பணம் கொடுத்து நீரைச் சுத்தமாக வைத்திருப்பதா என்று கணக்குப் போட்டு, 1997ல் இரண்டாவதற்கு ஒப்பந்தம் எழுதினார்கள். ஆலையைவிட அது மலிவு.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வந்தது. கோலாலம்பூரும் அதைச் சுற்றிய ஊர்களும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றில் இருந்து போகிறது, அதை எடுக்கிற இடங்களில் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கம். 2014 வறட்சியில் ஆறு வற்றியபோது ஈயம் எடுத்துக் கைவிட்ட பழைய லம்பக் குட்டைகளில் இருந்து தண்ணீரை இறைத்து ஆற்றில் விட்டுத்தான் சமாளித்தார்கள். அதுவரை முதலையும் பேயும் இருக்கிறது என்று பிள்ளைகளைப் பயமுறுத்தத்தான் அந்தக் குட்டைகள் பயன்பட்டன. 2020 செப்டம்பரில் மேலே ஆற்றில் கழிவு கலந்து ஆலைகள் நின்றபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் வரவில்லை. மழையை வாங்கி வைத்து மெதுவாக விடுகிற பள்ளம் ஒவ்வொன்றும் அந்த ஆற்றுக்கு உதவிதான். என் இரண்டரை ஏக்கர் கோலாலம்பூரைக் காப்பாற்றும் என்று சொல்லவில்லை. என்னைப் போல ஆயிரம் பேர் வடித்தால் என்ன ஆகும் என்றுதான் கேட்கிறேன்.

சிலாங்கூரில் தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு காசு சேர்த்துச் சதுப்பை வடிக்காமல் வைத்திருக்கிறவனுக்குக் கொடு என்று எந்தக் கட்சி சொல்லும்? 2008ல் இருந்து பல வருடம் முதல் 20 கன மீட்டர் இலவசம் என்று வாங்கிப் பழகிய மாநிலம் இது. சதுப்புக்குக் காசு என்று சொன்னால் காப்பிக்கடையில் சிரிப்பார்கள். நானே முதலில் சிரித்தேன்.

இங்கே என்ன இருக்கிறது

மலேசியாவில் இயற்கையைக் காப்பதற்குப் பணம் கொடுக்கும் வழி இருக்கிறது. 2019 பட்ஜெட்டில் மத்திய அரசு 6 கோடி ரிங்கிட் ஒதுக்கி ஆரம்பித்தது, 2025க்கு அது 25 கோடி. ஆனால் போகிற இடம் மாநில அரசு. அரசியலமைப்புப்படி நிலமும் நீரும் மாநிலத்தின் கையில், காட்டை வெட்டினால் மாநிலத்துக்கு வருமானம், வெட்டாவிட்டால் நஷ்டம். அந்த நஷ்டத்துக்கு ஈடாகத்தான் இந்தப் பணம். நியாயமான ஏற்பாடு. ஒன்பது ஏக்கர்காரன் வாசலுக்கு அது வராது.

நம் வாசலுக்கு வருவது மறுநடவு ஊக்கத்தொகை. நாற்பது ஹெக்டருக்குள் நிலம் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களுக்குச் செம்பனை வாரியம் வழியாகக் கிடைக்கிறது, ஒரு பகுதி மானியம், ஒரு பகுதி கடன். நல்ல திட்டம், மேட்டு நிலத்துக்கு நாங்களும் விண்ணப்பிக்கிறோம். ஆனால் அது நடுகிற ஏக்கருக்குத்தான். ஒன்பது ஏக்கர் நட்டால் ஒன்பதுக்கும் கிடைக்கும், ஆறரை நட்டால் ஆறரைக்கு. சேற்றை விட்டுவைத்தால் அந்த அளவுக்குப் பணம் குறையும். வடி என்று யாரும் சொல்லவில்லை, படிவம் சொல்கிறது.

இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை கெரான், அதாவது நிலப் பட்டா. அக்கா அதைப் பழைய பிஸ்கட் டின்னுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறார். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில் வாங்கிய நிலம் இது. அந்தத் துண்டாடலில் வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்துப் பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்ததும் அதனால்தான். அதனால் கெரான் என்றால் எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த இடம். அதில் நிபந்தனை என்ற இடத்தில் விவசாயம் என்று இருக்கிறது.

நில அலுவலகக் கவுண்டரில் ஒரு மலாய்க்காரத் தம்பி பொறுமையாகப் பேசினார். சேறாகவே விட்டுவிடலாமா என்றேன். “பக்சிக் (மாமா), விவசாய நிலத்தில் பயிர் தெரிய வேண்டும். சும்மா கிடந்தால் அது தானா தெர்பியார்” என்றார். கைவிட்ட நிலம் என்று அர்த்தம். நிபந்தனையை மீறிய நிலம் என்று கணக்கில் வந்தால் நோட்டீஸ் வரலாம், அபராதம் போடலாம், முற்றினால் நிலத்தை மாநிலமே எடுத்துக்கொள்ளலாம். இரண்டரை ஏக்கர் சேற்றுக்காக யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள் என்று அவரே சிரித்தார். ஆனாலும் மினசோட்டாக்காரனுக்குக் காசு கிடைக்கிற அதே காரியத்துக்கு இங்கே நோட்டீஸ் கிடைக்க வழி இருக்கிறது.

அமெரிக்கா மாதிரி நடும் உரிமையை மட்டும் அரசுக்கு எழுதிக்கொடுக்க முடியுமா என்றும் கேட்டேன். நம் தேசிய நிலச் சட்டத்தில் இருக்கிற அந்த மாதிரி உரிமை, பக்கத்து நிலக்காரருக்கு வழிவிடுவது, தண்ணீர் விடுவது போன்றவற்றுக்கானது. ஒரு நிலத்தின் சௌகரியத்துக்கு இன்னொரு நிலம் கட்டுப்படுவது. வாத்துக்கும் ஆற்றுக்கும் எழுதிக்கொடுக்க அதில் இடம் இல்லை. ஆகவே நாளைக்கே ஒரு அமைச்சர் சதுப்புக்கு மானியம் என்று அறிவித்தாலும் நான் முதலில் கேட்கப்போவது ஏக்கருக்கு எவ்வளவு என்பதை இல்லை. கெரானில் அந்த நிபந்தனையை என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பேன். அதை மாற்றாமல் கொடுக்கிற பணத்தை வாங்கினால் ஒரு இலாகா தட்டிக்கொடுக்கும், இன்னொரு இலாகா கேள்வி கேட்கும். நிலவரி யார் கட்டுவது, அந்தப் பள்ளத்தில் மீனும் கீரையும் எடுக்கலாமா, ஒருவர் பங்கை விற்றால் ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

மாநிலத்துக்கே ஒப்படைத்துவிடும் வழியும் இருக்கிறது. பள்ளத்தை மட்டும் பிரித்துச் சரண் செய்யலாம், நிலவரி குறையும், பதிலுக்கு எதுவும் வராது. அதன்பின் மாநிலம் அதை ஒதுக்கு நிலமாக வைக்கலாம், வேறு யாருக்காவதும் கொடுக்கலாம். அண்ணனிடம் இந்த வழியைச் சொல்லவே இல்லை. அக்கா சொல்கிற விற்பனையும் சுருக்கமான கதைதான்: பள்ளத்தோடு சேர்த்து விற்றால் மேட்டுக்கும் பள்ளத்து விலை, வாங்குகிறவன் முதல் வேலையாகக் கான் வெட்டுவான்.

நாடா பிடித்து நடந்தேன் என்றேனே, அதில் ஒன்று தெரிந்தது. எங்கள் எல்லையில் ஓடுகிற கிளையாறு ஆறு மீட்டர் அகலம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியில் 5 முதல் 10 மீட்டர் அகல ஆற்றுக்கு இரு பக்கமும் 10 மீட்டர் ஒதுக்கு விட வேண்டும். 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆறு என்றால் 50 மீட்டர். கடைசி வரிசை மரங்கள் முழுக்க அந்தப் பத்து மீட்டருக்குள் நிற்கின்றன. எப்படியும் விடவேண்டிய கரை அது. நான் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அதற்குக் காசு கேட்டால் எந்த ஊர் அதிகாரியும் கொடுக்க மாட்டார். இரண்டரை ஏக்கர் சேற்றில் அரை ஏக்கர் போல அங்கேயே கழிந்துவிட்டது.

எடுத்த முடிவு

போன ஞாயிறு மூன்று பேரும் அப்பா வீட்டில் உட்கார்ந்தோம். நான் கணக்கைப் படித்தேன். அக்கா பஜ்ஜி போட்டார். அண்ணன் மாதம் ஐம்பத்திரண்டு வெள்ளி என்ற இடத்தில்தான் இறங்கி வந்தார். எக்ஸ்கவேட்டர்காரர் கான் வெட்ட மட்டும் 6,000 வெள்ளி கேட்டிருக்கிறார். அது பள்ளத்தின் மூன்று வருட வருமானத்துக்கு மேல்.

மேட்டில் ஆறரை ஏக்கரை ஊக்கத்தொகையோடு மறுநடவு செய்கிறோம். பள்ளத்து மரங்களை வெட்டிச் சாய்த்து அங்கேயே போட்டுவிடுகிறோம். கரையை ஒட்டிய பத்து மீட்டரைச் சான்றிதழ் வரைபடத்தில் ஒதுக்காகக் காட்டுகிறோம். பயிர் தெரிய வேண்டும் என்று கவுண்டர்த் தம்பி சொன்னதற்காக மேட்டுக்கும் சேற்றுக்கும் நடுவே ஒரு ஏக்கரில் ரும்பியா நடப்போகிறோம். சேற்றிலேயே வளர்கிற பனை, வடிக்க வேண்டாம். நாம் பாயசத்தில் போடுகிற சவ்வரிசி ஆதியில் இந்த மரத்து மாவில் இருந்து வந்ததுதான், சேலத்தில் மரவள்ளிக்கு மாறியது பின்னால். பழைய லயங்களில் கிடந்த அத்தாப்புக் கூரைக்கு இதன் ஓலையும் போயிருக்கிறது. மாவெடுக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். காசு என்று பெரிதாக எதிர்பார்க்கவில்லை, கெரானுக்கு ஒரு பதில் கிடைக்கும்.

அப்பா வெட்டிய கானில் நேற்று நானும் அண்ணன் மகனும் நான்கு செங்கால் மரப் பலகையை இறக்கி மணல் மூட்டை போட்டு அடைத்தோம். ராத்திரி மழை. காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் வெளியே நின்ற வேர்களை மூடியிருந்தது, இரண்டு கெலி மீன் அதற்குள்.

அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். என்றைக்காவது அரசாங்கம் சேற்றுக்குக் காசு கொடுத்தால், மானியம் குறைந்ததற்கு ஈடாக அவர் பங்கில் கால் பாகம் கூடுதலாக வர வேண்டுமாம். அதையும் ஒரு தாளில் எழுதி எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தாள் பிஸ்கட் டின்னுக்குள், கெரானுக்குப் பக்கத்தில் இருக்கிறது.